போலீஸ் பிடித்த மாடுகளைக் கோர்ட் மூலம் மீட்பது எப்படி? (கறவை மாடுகள் கோசாலையில் நிற்கின்றன)

மேட்டுக்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். கோர்ட் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் மூன்று உருப்படி வாங்கினேன். இரண்டு கறவை, ஒரு சினைக் கிடாரி. வாடகை வண்டியில் ஏற்றிவிட்டு நான் பைக்கில் முன்னால் வந்துவிட்டேன். வழியில் டிரைவர் வேறொரு வியாபாரியின் மாடுகளையும் ஏற்றியிருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி சோதனைச் சாவடியில் இறக்கி எண்ணினால் ஒன்பது மாடு. டிரைவர் மேலும் அந்த வியாபாரி மேலும் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டு, வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, மாடுகளைக் கோசாலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

எஃப்.ஐ.ஆரில் என் பெயர் இல்லை. ஸ்டேஷனில் கேட்டால் கோசாலையில் பேசு என்கிறார்கள். கோசாலையில் கேட்டால் ஸ்டேஷனில் எழுதி வாங்கி வா என்கிறார்கள். கையில் இருப்பது சந்தை ரசீது மட்டும்தான். அதில் எண்ணிக்கை இருக்கிறது, மாட்டின் அடையாளம் எதுவும் இல்லை. கறவைகள் இரண்டையும் வேளாவேளைக்குக் கறக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. என்ன செய்வது?

வக்கீல்குமாஸ்தா:

முதலில் ஸ்டேஷன் வாசலில் நிற்பதை விடுங்கள். கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்துக்குத் தெரிவித்த பிறகு, இன்ஸ்பெக்டரே மனசு வைத்தாலும் மாட்டை அவிழ்த்து உங்கள் கையில் கொடுக்க முடியாது. அந்த ஸ்டேஷன் எந்தக் குற்றவியல் நடுவர் எல்லைக்குள் வருகிறதோ அந்தக் கோர்ட்டில் மனு போட வேண்டும்.

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 451, 457 என்று போடுவோம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால் அதே விஷயம் பிரிவு 497, 503 ஆகிவிட்டது. பொருள் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டிருந்தால் 497. போலீஸ் கைப்பற்றியதாகத் தெரிவித்ததோடு சரி, ஆஜர்படுத்தவில்லை என்றால் 503. எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் இரண்டையும் குறிப்பிட்டே மனு தயார் செய்வார்கள். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

புதுச் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம்: 497ன்படி பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் கோர்ட் அதன் விவர அறிக்கையைத் தயார் செய்ய வேண்டும், போட்டோவோ வீடியோவோ எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு 30 நாளுக்குள் அந்தப் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும். போட்டோவே பின்னால் சாட்சியமாக நிற்கும். ஆகவே வழக்கு முடியும்வரை மாடு கட்டுத்தறியில் நின்றாக வேண்டும் என்ற வாதத்துக்கு இப்போது பழைய வலு இல்லை.

ஸ்டேஷனில் நிற்கிற பைக் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். மாடு தினமும் தின்னும், நோய் வரும், வற்றிப்போகும். இதைத்தான் மனுவின் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். 2002ல் உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், கைப்பற்றிய பொருள்களைத் தேவைக்கு மேல் காவலில் வைத்திருக்கக் கூடாது என்று சொன்னதை இன்றைக்கும் எல்லா வக்கீல்களும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பட்டிக்காரன்:

குமாஸ்தா அண்ணன் சொல்வது சரி, ஆனால் பைக்குக்குப் போடுகிற மனுவை அப்படியே மாட்டுக்குப் போட்டால் ஓடாது. மிருகவதை வழக்கென்றால் 2017ல் வந்த ஒரு தனி விதி இருக்கிறது. அதைக் காட்டித்தான் அரசு வக்கீல் ஆட்சேபிப்பார்.

வாயில்லாஜீவன்:

ஆட்சேபிக்கத்தான் வேண்டும். நான் விலங்கு நலத் தொண்டர், ராத்திரி சோதனைகளுக்குப் போயிருக்கிறேன். மூக்கணாங்கயிற்றை மேல் கம்பியில் கட்டித் தலையைத் தொங்கவிட்டு, கீழே விழுந்ததன் மேல் இன்னொன்று நிற்கும். எழுப்புவதற்கு வாலை முறிப்பார்கள், கண்ணில் மிளகாயைத் தேய்ப்பார்கள். அப்படி வந்த மாட்டை மறுவாரமே உரிமையாளர் என்று ஒருவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா? 2002ல் உத்தரப் பிரதேச அரசு - முஸ்தகீம் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கு நடக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரிடமே விலங்கைத் திருப்பிக் கொடுத்தது எப்படி என்று கேட்டு, கோசாலையிலேயே வைக்கச் சொன்னது. கைப்பற்றப்பட்ட விலங்குகள் விதிகள், 2017ம் நடுவர் கோசாலைக்கு அனுப்பலாம் என்றுதான் சொல்கிறது.

துண்டுக்காரர்:

நான் சந்தைத் தரகு. கண்ணில் மிளகாய் தேய்க்கிறவனைப் பிடித்துக் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் மூன்று மாடு வாங்கின குடியானவனும் அவனும் உங்களுக்கு ஒன்றா? கோசாலை கோசாலை என்கிறீர்களே, அங்கே தொழுவத்துக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

வாயில்லாஜீவன்:

பார்த்திருக்கிறேன். நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. அதற்காக லாரி சரியாகிவிடாது.

நிர்வாகி:

இதற்குக் கீழே வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. மாட்டை மீட்கிற வழியைப் பேசுங்கள், ஆளைப் பேச வேண்டாம்.

வக்கீல்குமாஸ்தா:

வாயில்லாஜீவன் சொன்ன தீர்ப்பு உண்மைதான். ஆனால் அது இறைச்சிக்குக் கொண்டுபோனதாக வழக்கில் சிக்கியவர்களிடமே விலங்கைக் கொடுத்த விவகாரம். அதற்கு முன்பே 1998ல், பிஞ்சராபோல் தேவ்தார் வழக்கில், உச்ச நீதிமன்றம் எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது: குற்றத்தின் தன்மை எவ்வளவு கடுமை, இது முதல் தடவையா, ஏற்கனவே தண்டனை உண்டா, பிடிபட்டபோது விலங்கின் நிலை என்ன, திரும்பக் கொடுத்தால் மறுபடி வதைபட வாய்ப்பு உண்டா. முதல் தடவை வழக்கென்றால் உரிமையாளரின் கோரிக்கைக்குக் கூடுதல் வலு என்றும் அதிலேயே இருக்கிறது. மேட்டுக்காட்டான் குற்றம் சாட்டப்பட்டவரே இல்லை. ஆகவே மனுவில் முதல் வரியே 'மனுதாரர் எதிரி அல்ல, மாடுகளின் உரிமையாளர்' என்று இருக்க வேண்டும். டிரைவரின் ஜாமீன், வண்டி விடுவிப்பு, மற்ற ஆறு மாடு எல்லாவற்றையும் ஒரே வக்கீலிடம் கொடுத்து ஒரே கட்டாகப் போடாதீர்கள். நடுவர் கண்ணுக்கு நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகத் தெரிவீர்கள்.

2017 விதி பற்றி இரண்டு விஷயம். ஒன்று, விதி 3 நடுவருக்கு விருப்புரிமை கொடுக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு, 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எருமை வியாபாரிகள் சங்கம் போட்ட வழக்கில், தண்டனைக்கு முன்பே மாட்டைப் பறிப்பது தாய்ச் சட்டமான மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 29க்கு முரண், விதியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாங்களே தடை போடுவோம் என்று மத்திய அரசிடம் வாய்மொழியாகச் சொன்னது. பிரிவு 29 என்ன சொல்கிறது? தண்டனை ஆன பிறகுதான் பறிமுதல். அப்போதும் முன்தண்டனை இருக்க வேண்டும், அல்லது அந்த ஆளிடம் விட்டால் மறுபடி வதைபடும் என்று காட்ட வேண்டும். வாய்மொழிக் கருத்து தீர்ப்பு ஆகாது. ஆனாலும் வாதத்தில் சொல்லி வைப்பது நல்லது.

மாட்டுடாக்டர்_ஓய்வு:

வக்கீல் விஷயம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் மாட்டு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழக்குகள் பெரும்பாலும் அடையாளத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

கைப்பற்றிய உடனே அரசு கால்நடை மருத்துவரை வைத்துப் பரிசோதித்து, அடையாளமிட வேண்டியது கைப்பற்றியவர்களின் பொறுப்பு. சூடு போடக் கூடாது, காதுத் தோடு மாதிரி வலி குறைந்த வழிதான் என்று அந்த 2017 விதியே சொல்கிறது. அந்தப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காயம் எதுவும் இல்லை, நல்ல உடல்நிலை என்று அதில் எழுதியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உங்கள் மூன்றில் எது எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள்.

காதில் மஞ்சள் தோடு இருக்கிறதா? கோமாரித் தடுப்பூசி போடும்போது குத்துகிற 12 இலக்கத் தோடு. இருந்தால் அந்த எண்ணைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால் யார் பெயரில் பதிவு, என்ன தடுப்பூசி, எப்போது சினை ஊசி என்று கணினியில் வரும். அநேகமாக விற்றவர் பெயரில்தான் இருக்கும். பரவாயில்லை, அவரைத் தேடிப் பிடிக்க அதுவே வழி.

அப்புறம், மடி. அரைகுறையாகக் கறந்தால் பால் தேங்கி மடிநோய் வரும். ஒரு காம்பு போனால் அந்த மாட்டின் விலையில் கால்வாசி போன மாதிரி. பல ஊர் மாடு கலந்து நிற்கிற இடத்தில் கோமாரியும் தோல் கழலையும் பரவும். 10 லிட்டர் கறக்கிற கலப்பினத்துக்கு நாளைக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம், 4, 5 கிலோ வைக்கோல், அதற்கு மேல் அடர்தீவனம் வேண்டும். வெறும் வைக்கோலில் நின்றால் ஒரு வாரத்தில் பால் இறங்கும், அந்த ஈத்தில் திரும்ப ஏறாது. இதை மனுவில் எழுதச் சொல்லுங்கள். அவசரம் என்று வெறுமனே எழுதுவதைவிட இது நடுவருக்குச் சட்டென்று புரியும்.

துண்டுக்காரர்:

டாக்டர் ஐயா சொன்ன அடையாளம்தான் சந்தையில் ஒருத்தனும் எழுதுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுகிறோம். பக்கத்தில் நிற்பவனுக்கே தொகை தெரியாது. இதில் எங்கிருந்து பத்திரம் வரும்? ஆனால் தரகருக்கு மறக்காது. எது நாலு பல்லு, எது கடை சேர்ந்தது, எதற்கு எங்கே சுழி, எல்லாம் சொல்வான். மேட்டுக்காட்டான் தம்பி, உங்களுக்கு முடித்துக் கொடுத்த தரகரையும் விற்றவரையும் பிடித்து ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். போனில் அனுப்பிய பணமாக இருந்தால் அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள்.

மேட்டுக்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. விற்றவர் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார். பாதிப் பணம் போனில் போட்டது, அது இருக்கிறது. ஏற்றும்போது என் பையன் எடுத்த வீடியோவும் கிடைத்தது. செவலைக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வலது கொம்பு நுனி மழுங்கல். கருப்பு வெள்ளைக்குப் பின்னங்கால் இரண்டும் முட்டி வரை வெள்ளை. கிடாரிக்கு மட்டும் தோடு கிடையாது. வீடியோவில் மூன்றுமே தெளிவாகத் தெரிகிறது, வண்டியில் அப்போது வேறு மாடு இல்லை என்பதும் தெரிகிறது.

வக்கீல்குமாஸ்தா:

அந்த வீடியோதான் உங்கள் வழக்கு. பென்டிரைவில் போட்டு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். கூடவே எஃப்.ஐ.ஆர் (காவல்துறை இணையதளத்தில் பதிவிறக்கலாம்), மகஜர் (கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய பட்டியல்) நகல், சந்தை ரசீது, விற்றவர் பிரமாணப் பத்திரம், நீங்கள் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற விவசாயி என்பதற்கு ஏதாவது. பால் சொசைட்டி அட்டை இருந்தால் அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம். இறைச்சிக்குக் கொண்டுபோனார் என்று சொல்ல வாய்ப்பே இருக்காது, பால் ஊற்றுகிறவன் சினைக் கிடாரியை எதற்கு அறுக்கக் கொடுக்கப் போகிறான்.

மனு போட்டதும் நம்பராகி அரசு உதவி வழக்கறிஞருக்கு நகல் போகும். அவர் ஸ்டேஷனிலிருந்து பதில் வாங்குவார். தாமதமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாய்தா வாய்தாவாகப் போகும். நீங்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் நில்லுங்கள்.

பட்டிக்காரன்:

ஒரு சந்தேகம் அண்ணே. மிருகவதைச் சட்டத்தில் வண்டியில் நெருக்கி ஏற்றுவது பிரிவு 11(1)(டி). அது போலீஸ் தானாகப் புலனாய்வு செய்யக்கூடிய குற்றமே இல்லை என்கிறார்களே?

வக்கீல்குமாஸ்தா:

சரிதான். பிரிவு 31ஐப் பாருங்கள். 11(1)ல் எல், என், ஓ ஆகிய உட்பிரிவுகளும் பிரிவு 12ம் மட்டும்தான் போலீஸ் தானாகப் புலனாய்வு செய்யக்கூடிய வகை. மற்றதற்கு நடுவர் அனுமதி வாங்கித்தான் புலனாய்வு. அதனால்தான் வேறு சட்டப் பிரிவுகளையும் சேர்த்துப் போடுகிறார்கள். பிரிவு 36ன்படி மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இதெல்லாம் டிரைவர் வழக்கை ரத்து செய்யக் கேட்கும்போது உதவும். மாடு கேட்கிற மனுவில் இதைக் கிளப்பினால் விசாரணைதான் நீளும். மேட்டுக்காட்டானுக்கு இப்போது வேண்டியது மாடு.

இதில் எனக்கு எப்போதும் எரிச்சல் தருவது ஒன்று உண்டு. முதல் தடவைக் குற்றத்துக்கு அந்த 1960ம் வருஷத்துச் சட்டத்தில் உள்ள அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மாட்டை நிறுத்தி வைத்த பராமரிப்புச் செலவு மட்டும் ஆயிரக்கணக்கில். தண்டனையைவிட விசாரணைதான் பெரிய தண்டனை, அதுவும் குற்றமே செய்யாதவனுக்கு.

வாயில்லாஜீவன்:

50 ரூபாய் என்பது எங்களுக்கும்தான் எரிச்சல். அதை உயர்த்தச் சொல்லித்தான் நாங்களும் கத்துகிறோம். மேட்டுக்காட்டான் அண்ணா, உங்கள் வீடியோ பார்த்தால் நீங்கள் ஒழுங்காக ஏற்றியிருப்பது தெரிகிறது. கோசாலையில் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம் உண்டு. கறவையை இரண்டு வேளையும் கறக்கச் சொல்லி நான் பேசுகிறேன். கோசாலை பெயரை மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம்.

மேட்டுக்காட்டான்:

அனுப்பிவிட்டேன் தம்பி. நன்றி.

செய்தி: உத்தரவு வந்துவிட்டது. மூன்று மாட்டையும் இடைக்காலப் பொறுப்பில் என்னிடம் கொடுக்கச் சொல்லி. சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர், வழக்கு முடியும்வரை விற்கவோ அடையாளத்தை மாற்றவோ கூடாது, கூப்பிடும்போது காட்ட வேண்டும். இப்போது கோசாலையில் பராமரிப்புத் தொகை என்று ஒரு சீட்டு நீட்டுகிறார்கள். கட்டினால்தான் அவிழ்ப்பார்களாம். அந்தத் தொகைக்கு இன்னொரு கிடாரியே வாங்கலாம். உத்தரவில் பணம் பற்றி ஒரு வரியும் இல்லை.

வக்கீல்குமாஸ்தா:

சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். சீட்டை வாங்கி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புச் செலவு உரிமையாளர் தலையில் விழும் என்று மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 35(4) சொல்வது உண்மைதான். ஆனால் அது மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விகிதப்படிதான், கோசாலை வாய்க்கு வந்தபடி அல்ல. அதே பிரிவில், உரிமையாளரின் வறுமையைக் கருதிச் சிகிச்சைச் செலவு வேண்டாம் என்று நடுவர் சொல்லலாம் என்றும் விலக்கு இருக்கிறது. இதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. நாளைக்கே அதே கோர்ட்டில் ஒரு மெமோ (சின்ன மனு) போட்டு, எந்த விகிதம், எத்தனை நாள், உண்மையில் என்ன செலவு என்று கணக்குக் கேளுங்கள். கறந்த பாலின் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு கறவை நின்றிருக்கின்றன, பால் எங்கே போனது?

இன்னொன்று. நடுவர் குறித்த கெடுவுக்குள் மாட்டை எடுக்காமல் விட்டால் ஏலம் விட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் வழி உண்டு. மிச்சம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும். பணத் தகராறில் நாளைக் கடத்தாதீர்கள்.

கறவைக்காரி:

அண்ணா, சினை பற்றி ஒருத்தரும் கேட்கவில்லையே. கிடாரி எத்தனை மாசம்? அங்கேயே ஈன்றுவிட்டால்?

மேட்டுக்காட்டான்:

அதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. ஈன்றுவிட்டது. கிடாரிக் கன்று. உத்தரவில் 'மூன்று மாடுகள்' என்று இருப்பதால் கன்றைத் தர முடியாது என்கிறார்கள். கன்றை விட்டுவிட்டுத் தாயை மட்டும் ஓட்டிப் போகச் சொல்கிறார்கள்.

மாட்டுடாக்டர்_ஓய்வு:

தலை ஈத்து வேறு. கன்றைப் பிரித்தால் பால் விடவே பழகாது, கன்றுக்கும் ஆபத்து. அரசு மருத்துவரிடம் ஈன்ற தேதி, கன்றின் நிறம், தாயின் விவரம் போட்டுச் சான்று வாங்குங்கள். கன்று தாயோடு இருந்தாக வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

வக்கீல்குமாஸ்தா:

அந்தச் சான்றோடு அதே மெமோவில் இதையும் சேர்த்து, உத்தரவில் கன்றையும் குறிப்பிட்டுத் திருத்தம் கேளுங்கள். மகஜரில் சினை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஐந்து நிமிட வேலை. நடுவர் மறுத்தால் அமர்வு நீதிமன்றத்தில் அதே சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 438ன் கீழ் சீராய்வு, அல்லது உயர் நீதிமன்றத்தில் 528. அதுவரை போகாது என்று நினைக்கிறேன்.

ஓட்டி வரும்போது வண்டியையும் கணக்குப் பார்த்து அமர்த்துங்கள். 1978 போக்குவரத்து விதியில் ஒரு வண்டிக்கு ஆறு மாடுதான், பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்றும் வேண்டும். மோட்டார் வாகன விதி 125இ-யில் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர், நடுவே தடுப்பு. சின்ன யானை (டாடா ஏஸ் வண்டி) தளம் ஏறக்குறைய 3 சதுர மீட்டர்தான், கணக்குப்படி ஒரு மாடு. 14 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள தளம் என்றால் 7.8 சதுர மீட்டர் வரும், மூன்றுக்குச் சரி. கன்றுக்குத் தனியாக இடம் ஒதுக்கித் தடுப்பு வையுங்கள். உத்தரவு நகல் டிரைவர் கையில் இருக்கட்டும்.

மேட்டுக்காட்டான்:

மெமோ போட்டாயிற்று. கன்றைச் சேர்த்து உத்தரவு வந்துவிட்டது. தொகைக்கு மட்டும் கணக்குத் தாக்கல் செய்யக் கோசாலைக்கு நேரம் கொடுத்திருக்கிறார், அதற்காக மாட்டை நிறுத்தக் கூடாது என்றும் எழுதிவிட்டார். நாளை காலை வண்டி. செவலைக்கு ஒரு காம்பில் பால் திரிந்து வருகிறதாம், டாக்டர் ஐயா, தனிச்செய்தியில் போட்டோ அனுப்புகிறேன்.

ஆற்றோரத்தான்:

இழையை முழுதும் படித்தேன். என் மச்சான் மாட்டு வண்டியை மணல் வழக்கில் பிடித்து வைத்திருக்கிறார்கள், காளை இரண்டும் ஸ்டேஷன் பின்னால் வேப்பமரத்தில் கட்டியிருக்கிறது. இதே மனுதானா? வக்கீல் வைக்க வசதியில்லை.

வக்கீல்குமாஸ்தா:

அது கனிமவளச் சட்டம், பிரிவு 21. வண்டியைப் பறிமுதல் வரை கொண்டுபோக அதில் வழி உண்டு, இந்த இழையில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டியையும் காளைகளையும் பிரித்துத் தனித்தனியாகக் கேளுங்கள், வண்டிக்கு உள்ள சிக்கல் காளைக்கு ஒட்ட வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். எஃப்.ஐ.ஆரில் என்னென்ன பிரிவு என்று பார்த்து, பெயர்களை மறைத்துவிட்டுத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.